முதல்வாய்

என் மனைவி செல்லக்கனி காலை ஆறு மணிக்கு ஒருவரிடம் ஒரு செய்தியைச் சொன்னால், அன்று பொழுது சாய்வதற்குள் அது பதினோராயிரத்து நானூறு பேரை எட்டிவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அரசாங்கம் அளந்து அச்சடித்துக் கொடுத்த கணக்கு அது. எங்கள் பெருங்கழியில் மொத்தமே நாற்பதாயிரம் பேர்தான். அதே தாளின் அடியில் என் பெயருக்கு நேரேயும் ஓர் எண் இருந்தது. மூன்று.

"அதுல ஒண்ணு நான்," என்றாள் செல்லக்கனி. "மத்த ரெண்டு பேரு யாருங்க?"

எனக்கே தெரியவில்லை. அன்று முழுவதும் மாவு அளந்துகொண்டே சிரித்தாள்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் துறைமுக அலுவலகத்தில் கடல் ஏற்ற இறக்கப் பட்டியல் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எண்களோடும் புத்தகங்களோடும் இருந்து பழகியவன். எங்கள் வீட்டு முன்னறையில் அவள் மூன்று கிரைண்டர்களை ஓடவிட்டு ஊருக்கே இட்லி மாவு விற்றாள். நான் பின்னறையில் படித்துக்கொண்டிருப்பேன். முப்பத்தொரு வருடம் அந்த இரைச்சலுக்கு நடுவே படித்தேன். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, ஒரு பக்கம்கூட ஓடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கள்ளக்குரல் வருடங்களைப் பார்க்காத பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாருடைய குரலிலும் பேச, யாருடைய முகத்தையும் காட்ட எந்திரங்கள் பழகிவிட்ட காலம் அது. போனில் மகள் அழுவாள், அது மகளாக இருக்காது. ஒரு நாள் கலெக்டரின் குரல், கடல் வருகிறது ஓடுங்கள் என்றது. ஓடினோம். பாலத்து நெரிசலில் நான்கு பேர் செத்தார்கள். கலெக்டர் அப்படிப் பேசவே இல்லை. மூன்று வாரம் கழித்து உண்மையான புயலுக்கு உண்மையான கலெக்டர் எச்சரித்தார். ஊர் சிரித்துவிட்டுத் தூங்கப் போனது. கடற்கரைத் தெருவில் பதினாறு பேர். என் தம்பி அதில் ஒருவன்.

அதன் பிறகு எவரும் போனையோ திரையையோ ஒலிபெருக்கி வண்டியையோ நம்பவில்லை. எதிரே நிற்கும், தெரிந்த மனிதரின் வாயை மட்டும் நம்பினார்கள். ஒரு பழக்கமும் வந்தது. யார் என்ன சொன்னாலும் எதிராளி முதலில் கேட்பது, "யார் வாய்?" சொன்னவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவருக்குச் சொன்னவர் பெயரும் தெரிந்தால் இன்னும் நல்லது. பெயர் இல்லாத செய்தியை யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள். கல்யாணப் பேச்சு, மீன் விலை, பள்ளிக்கூட விடுமுறை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

அரசாங்கம் திண்டாடிப்போனது. தடுப்பூசி நாளைக்கூட ஊருக்குச் சொல்ல முடியவில்லை. கடைசியில் வாய்மொழித் தகவல் துறை என்று ஒன்றை உண்டாக்கினார்கள். எங்கள் வட்டாரத்துக்கு வந்தவள் நஸ்ரின். வாணியம்பாடிப் பெண், இருபத்தெட்டு வயது, புள்ளியியல் படித்தவள். அரைக் கிலோ மாவு வாங்குவதுபோல வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்கு வீடு ரெண்டே கேள்விதான் சார் கேட்டோம்," என்றாள். "ஒரு நல்லது நடந்தா வெளியாள்ல முதல்ல யார்கிட்ட சொல்வீங்க? யார் சொன்னா மறுபேச்சு இல்லாம நம்புவீங்க? பதில்களக் கோடு போட்டுப் பாத்தா ஊர் ஒரு வலை மாதிரி வருது. எந்த நூலப் புடிச்சு இழுத்தாலும் அக்கா வாசல்ல வந்து நிக்குது."

"நான் வெறும் மாவுதானம்மா விக்கேன்," என்றாள் செல்லக்கனி.

"அதான் விஷயமே. உப்பளத்துக்காரங்க உப்பளத்துக்காரங்ககிட்டதான் பேசுறாங்க. கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு, துறைமுகக் குடியிருப்பு எல்லாம் தனித்தனித் தீவு. எல்லாரும் வந்து நிக்கிற ஒரே இடம் உங்க கிரைண்டர். இன்னொண்ணு. ஒரு செய்தி பரவ ஒரு வாய் போதும்க்கா. ஒரு பழக்கம் மாற அது போதாது. மூணு பேர் சொல்லணும். அந்த மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பழகாதவங்களா இருக்கணும். அப்பதான் மனுசன், அட நெசந்தான் போலன்னு எந்திரிப்பான்."

"இதுக்கு ஒரு படிப்பா? என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்."

அப்படி அவள் எங்கள் ஊரின் 'முதல்வாய்' ஆனாள். துறை சொல்வதைத் தன் பேச்சாக ஊருக்குள் விட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. அவள்தான் முதல்வாய் என்பது எவருக்கும் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா என்ன?"

நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். "வடக்க ஒரு ஊர்ல ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருத்தர் இருந்தார். எப்படியோ வெளிய வந்துருச்சு. ஒரே வாரம். அவர் பக்கத்துல வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. திட்டல, அடிக்கல. பேசல, அவ்வளவுதான். ஆறு மாசம் பாத்துட்டு மகள் ஊருக்குப் போயிட்டார்."

செல்லக்கனியின் முகம் அன்று மாறியதை நான் பார்த்தேன். ஊர் தன்னிடம் பேசாமல் போவது என்பதை அவள் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலை ஆறிலிருந்து பத்து வரை அந்த முன்னறையில் நின்று பேசிப் போகிறவர்கள்தான் அவளுக்கு எல்லாமும். ஆனால் புயல் அன்று என் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, வாங்க போயிரலாம் என்று கெஞ்சியவளும் அவள்தான். அவன் அன்று, "யாரு மைனி சொன்னா? அந்த எந்திரமா?" என்று சிரித்தானாம். அதனால் ஒப்புக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு கேளும்மா," என்றாள் நஸ்ரினிடம். "ஒரு ரகசியத்த உள்ள வச்சிருந்தா எனக்கு வயிறு உப்பிரும். பொறந்ததுலருந்தே அப்படித்தான்."

முதல் வேலை மொட்டைமாடிகளுக்கு வெள்ளை அடிக்க வைப்பது. வெயில் நாற்பத்தாறைத் தொட்ட வருடம். வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் நான்கு டிகிரி குறையும் என்று துறை சொன்னது. செல்லக்கனி நான்கு டிகிரியை ஒரு வாரம் விடாமல் சொன்னாள். ஒருவரும் சுண்ணாம்பு வாங்கவில்லை. எட்டாம் நாள் எங்கள் மாடிக்கு மட்டும் அடிக்கச் செய்துவிட்டு, மாவு வாங்க வந்த தலைமையாசிரியையின் காதருகே குனிந்தாள். பின்னறையில் எனக்கே கேட்டது.

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லிராதிய. மாடிக்கு வெள்ளையடிச்ச நாள்லருந்து எங்க வீட்டுக்காரவுக கொறட்டையே விடல. அப்படித் தூங்குதாவ."

டீச்சரிடம் "யார் வாய்?" என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குறட்டை விடுபவனின் மனைவி வாயைவிடப் பெரிய வாய் எது? அதே சொல்லை உப்பள மேஸ்திரி மனைவியிடமும், பள்ளிவாசல் தெரு ஆயிஷாவிடமும் தனித்தனியாக, தனித்தனி ரகசியமாகச் சொன்னாள். பத்து நாளில் கடைகளில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. நஸ்ரின் வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஊரே வெள்ளையாக இருந்தது.

"எங்க புத்தகத்துல இந்த முறை இல்லக்கா."

"எந்த முறை?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க முறை."

என் குறட்டை நாற்பதாயிரம் பேருக்குத் தெரிந்த விஷயமானது எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர் நிறுத்தி, "தூக்கமெல்லாம் நல்லா வருதா அண்ணாச்சி?" என்று விசாரித்தார்.

ஒரு வருடம் இப்படிச் சிரிப்பாகப் போனது. பிறகு நண்டு வந்தது.

அமலோற்பவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிமுகத்தில் கையால் நண்டு பிடித்து விற்பவள். ஊர் அவளை அமலு என்றுதான் கூப்பிடும். செல்லக்கனியைவிடப் பத்து வயது சின்னவள். செவ்வாய், சனி இரண்டு நாளும் மாவு வாங்க வந்தால் கவிழ்த்துப்போட்ட டின்னில் உட்கார்ந்து, கூடையை இறக்கி வைத்து, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் போவாள். இருவரும் பேசிக்கொள்வது எனக்குப் பாதி புரியாது. ஒருத்தி வாக்கியத்தைத் தொடங்குவாள், மற்றவள் முடிப்பாள்.

அந்த ஐப்பசியில் நஸ்ரின் வந்தபோது டீ வேண்டாம் என்றாள். கழியில் ஒருவித செம்பாசி பரவியிருப்பதாகவும், அதைத் தின்ற நண்டில் விஷம் ஏறியிருப்பதாகவும், மூன்று மாதம் யாரும் கழி நண்டு சாப்பிடக் கூடாது என்றும் சொன்னாள்.

"அமலு?" என்றாள் செல்லக்கனி.

"கழிக்காரங்க எல்லாருக்கும் நிவாரணம் எழுதியிருக்கேன்க்கா. அரிசி வரும்."

"வரும்னா எப்ப?"

நஸ்ரின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இந்த முறை கண்ணால் பார்த்து, செய்து காட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. "யார் வாய்?" என்று கேட்டால் தன் வாயையே சொல்ல வேண்டும். அதனால் செல்லக்கனி பொய் சொன்னாள். கழி நண்டு சாப்பிட்டு இரண்டு ராத்திரி வயிற்று வலியில் தூங்கவில்லை, யார்கிட்டயும் சொல்லிராதிய, என்றாள். நான்கே நாளில் சந்தையில் நண்டுக் கூடைகள் அப்படியே திரும்பின. செய்தி உண்மை. பக்கத்து ஊரில் ஏழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் சனிக்கிழமை அமலு நிறைந்த கூடையோடு வந்து டின்னில் உட்கார்ந்தாள்.

"ஊருல ஒரு பேச்சு கெளம்பியிருக்கு எக்கா. எவ கெளப்புனாளோ. அவ நல்லாருப்பாளா?"

செல்லக்கனி எழுந்து உள்ளே வந்தாள். என் பக்கத்தில் நின்று முகத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினாள். திரும்பிப் போய் அமலுவின் தூக்குவாளியில் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினாள்.

அந்த மூன்று மாதத்தில் அவள் பேச்சு குறைந்தது. மற்றவர்களிடமும்தான். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசினாள். இதைச் சொன்னால் யாருக்குப் போகும், யாருக்கு வலிக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு மாவு அளந்தாள். "நான் இப்ப பேசுதது பேச்சாங்க, இல்ல வேலையா?" என்று ஒரு நாள் கேட்டாள். வெளியே தெரிந்தால் ஊர் பேசாது. தெரியாவிட்டால் அவளால் பேச முடியவில்லை.

மார்கழியில் பாசி நீங்கியது. நண்டு மறுபடி விற்றது. அமலு எப்போதும்போல வந்தாள். சொல்லப்போனால் எல்லாருமே முன்பைவிட அதிக நேரம் நின்று பேசினார்கள். முக்கியமாகச் சாக்கடையைப் பற்றி. சர்ச் தெருச் சாக்கடை அடைப்பு, பாலத்து விளக்கு எரியாதது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவது எல்லாவற்றையும் பெண்கள் வந்து தேதி, இடம் சகிதம் விரிவாகச் சொன்னார்கள். செல்லக்கனிக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. நஸ்ரினிடம் சொல்லுவாள். நஸ்ரின் மேலே எழுதுவாள். சாக்கடைகள் சரியாயின. "உங்க ஊர்க்காரங்க மாதிரி தெளிவா குறை சொல்றவங்கள நான் பாத்ததே இல்ல சார்," என்று நஸ்ரின் என்னிடம் வியந்தாள்.

ஒரு வருடம் கழித்து, மாசி மாதம் ஒரு புதன்கிழமை. காலை ஆறு பத்து. கிரைண்டர் அறை முன்னால் இருபது பேர் நின்றார்கள். நஸ்ரின் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். செல்லக்கனியைப் பின்னறைக்கு இழுத்து வந்தாள்.

"காலைல அஞ்சு மணிக்கு விட்ட குழாய்த் தண்ணில சுத்திகரிப்பு மருந்து நூறு மடங்கு கூடப் போயிருச்சுக்கா. குடிச்சா குடல் வெந்துரும். சின்னப் புள்ளைங்க தாங்காது. எல்லார் வீட்டுலயும் குடத்துல புடிச்சு வச்சிருப்பாங்க. பீதி வரக் கூடாதாம். மோட்டார் ரிப்பேர், தண்ணி வராதுன்னு சொல்லச் சொல்றாங்க."

"கூறு இருக்கா அவியளுக்கு? தண்ணி வராதுன்னா குடத்துல இருக்கத பத்திரமா வச்சுக் குடிப்பாவ."

நஸ்ரின் விழித்தாள். அது அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"எத்தன மணி நேரம் இருக்கு?"

"எட்டு மணிக்குள்ள எல்லாரும் சோறு வடிச்சுருவாங்க. ரெண்டு மணி நேரம்கூட இல்ல."

ரகசியமாகச் சொல்லும் முறைக்கு ஒரு பகல் வேண்டும். உண்மையைச் சத்தமாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "யார் வாய்?" தண்ணீர்த் தொட்டிக்குள் என்ன கலந்தது என்று ஒரு மாவுக்காரிக்கு எப்படித் தெரியும்? என் வயிறு வலித்தது என்று இதற்குச் சொல்ல முடியாது. இருந்தது ஒரே பதில்தான். செல்லக்கனி என்னைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மூன்று கிரைண்டர்களையும் நிறுத்தினாள். அந்த நேரத்தில் அவை நின்று ஊர் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் கேளுங்க. காலைல புடிச்ச குழாய்த் தண்ணிய யாரும் வாயில வைக்கக் கூடாது. சமைக்கக் கூடாது. கீழ கொட்டிருங்க. மருந்து கூடிப்போச்சு. புள்ளைய செத்துரும். யார் வாய்னு கேப்பிய." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கவர்மெண்டு வாய். நாந்தான் இந்த ஊருக்கு அவிய வச்ச ஆளு. ரெண்டு வருசமா நாந்தான். மாடிக்கு வெள்ளையடிக்கச் சொன்னதும் அவியதான். கழி நண்டத் திங்கக் கூடாதுன்னதும்..." அவள் அமலுவைப் பார்த்தாள். அன்று புதன். அமலு வரும் நாள் அல்ல, ஆனாலும் வரிசையில் நான்காவதாக நின்றாள். "அதுவும் என் வாய்தான், அமலு. நான் நண்டு திங்கவும் இல்ல, எனக்கு வயிறு வலிக்கவும் இல்ல."

இனி இந்த வாசலில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"அது தெரியும் எக்கா," என்றாள் அமலு. "தண்ணிக்கு என்ன செய்யணும்னு சொல்லு. கொட்டுனா போதுமா, இல்ல குடத்தையும் கழுவணுமா?"

"என்னது தெரியும்?"

"அதான், நீ கவர்மெண்டு ஆளுன்னு. எல்லாருக்கும் தெரியும். குடத்தக் கழுவணுமா, சொல்லு."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார். உப்பள மேஸ்திரி மனைவி எங்கோ பார்த்தாள். ஆயிஷா, "ஒரு வருசமாச்சு மாமி," என்றாள் மெதுவாக.

செல்லக்கனி வாயைத் திறந்து மூடினாள். "கழுவணும்," என்றாள்.

அவ்வளவுதான், இருபது பேரும் இருபது திசையில் ஓடினார்கள். ஏழரை மணிக்குத் தெருவெல்லாம் கொட்டிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வயிற்று எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலை செல்லக்கனி கிரைண்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு வாசலில் ஆள் சேர்ந்தது. அறுபது பேர். ஒரு கரண்டி மாவுகூடத் தேவைப்படாத வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். "என்ன எக்கா, கவர்மெண்டு இன்னைக்கி லீவா?" என்று யாரோ கேட்க, வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எடை போட்டுப் பேசும் பழக்கம் அவளைவிட்டுப் போய்விட்டது. "கவர்மெண்டு வாய் சொல்லுது, கேட்டா கேளு, கேக்காட்டி போ," என்று முன்னுரை சொல்லிவிட்டே செய்தி சொன்னாள். விதிப்படி அவளை நீக்க வேண்டிய துறை, அவள் பேச்சு எத்தனை பேரை எட்டுகிறது என்று மறுபடி அளந்து பார்த்தது. கூடியிருந்தது. விட்டுவிட்டார்கள்.

நஸ்ரினுக்குத்தான் தூக்கம் போனது. வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு புலம்பினாள். "எல்லா நூலும் அக்கா வழியாத்தான் போகுது சார். அக்காவத் தொடாம ஒரு செய்தி நாப்பதாயிரம் பேருக்குப் போகவே முடியாது. ஆனா போயிருக்கு. ஒரு வருசம், ஒருத்தர்கூட வாய் தவறல. யார் ஆரம்பிச்சது?"

செல்லக்கனிக்கு அதைவிடப் பெரிய ஆத்திரம். ஊர் தன்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை என்ற சந்தோஷம் அடங்கிய பிறகு வந்த ஆத்திரம் அது. "ஊருக்கே தெரிஞ்ச ஒரு விசயம் எனக்குத் தெரியலன்னா, நான் எதுக்கு இங்க இருக்கேன்? எவளாவது ஒருத்தி சொல்லணுமா இல்லையா?" பார்க்கும் ஆளையெல்லாம் மடக்கினாள். யார் சொன்னது? யார் வாய்? எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. என்னையும் கேட்டாள்.

"நீங்களா?"

"நானா? நான் யார்கிட்ட பேசுறேன்?"

"அதுவும் சரிதான்," என்று என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள்.

நான்தான்.

நண்டுக் காலத்தில் ஒரு நாள், அவள் முகம் கழுவியதைப் பார்த்த மறுவாரம், கழிக்கரைக்கு நடந்து போனேன். அமலு முழங்கால் சேற்றில் கூடை அலசிக்கொண்டிருந்தாள். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. "அவ வேணும்னு செய்யல. கவர்மெண்டு சொல்லச் சொன்னது. தினமும் அழுறா. யார்கிட்டயும் சொல்லிராத," என்றேன். அமலு என்னைப் பார்த்து, "போங்க அண்ணாச்சி, வெயிலு ஏறுது," என்றாள். ஒருத்தியிடம் சொன்னேன், அது அவளோடு நின்றது என்றுதான் அந்தப் புதன்கிழமைவரை நினைத்திருந்தேன்.

செல்லக்கனி அதன்பிறகு நான்கு வருடம் இருந்தாள். சந்தோஷமாகவே இருந்தாள். பங்குனியில் ஒரு காலை, மாவு அளந்து முடித்து, டின்னில் உட்கார்ந்து, கொஞ்சம் மூச்சு முட்டுகிறது என்றாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்திய வாரம்கூட ஆயிஷாவை நிறுத்தி, "யாருன்னுதான் சொல்லேன், நான் ஒண்ணும் செய்யமாட்டேன்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் அமலு வந்தாள்.

"அவள்ட்ட கடைசிவரைக்கும் நான் சொல்லல அண்ணாச்சி."

"ஊருக்கு மட்டும் எப்படிச் சொன்ன?"

"ஒவ்வொருத்தர்ட்டயும் ரெண்டு விசயம் சொன்னேன். எக்கா கவர்மெண்டு ஆளு, அது ஒண்ணு. நமக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா பேசுதத நிறுத்திருவா, அது ரெண்டு. அவ பேச்சு இல்லாம எவளுக்கு விடியும்? அதான் வாய மூடிட்டாளுவ." மூக்கை உறிஞ்சினாள். "நம்பவச்சது உங்க பேருதான்."

"என் பேரா?"

"யார் வாய்னு கேப்பாளுவல்லா? வீட்டுக்காரர் வாய்னு சொன்னேன். அவரு ஆயுசுல ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து சொன்ன விசயம், பொய்யா இருக்குமான்னு எல்லாரும் நம்பிட்டாவ."

அத்தனை வருடமும் கடைத்தெருவில் என்னைப் பார்த்து எல்லாரும் லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அமலு ஏன் துறையின் வரைபடத்தில் இல்லை என்று ஒருமுறை நஸ்ரினிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கழிக்கரையில் கணக்கெடுத்தது எத்தனை மணிக்கு என்று பதிவேட்டைப் பார்த்தாள். காலை பத்து மணி. வீடுகள் பூட்டியிருந்தன. அந்த நேரத்தில் கழிக்கரைப் பெண்கள் எல்லாரும் தண்ணீரில் நிற்பார்கள். நண்டோடு அவர்கள் ஏறாத வீட்டுப் படி ஊரில் ஒன்றும் கிடையாது. அதை நான் நஸ்ரினிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நஸ்ரின் ஒரு வேண்டுகோளோடு வந்தாள். மழைக்கு முன்னால் எல்லா வீட்டுத் தொட்டிக்கும் மூடி போட வேண்டும், கொசுக் காய்ச்சல் வருகிறது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கழிக்கரைக்கு நடந்தேன். நான்காம் நாள் மூடி இல்லாத தொட்டி ஊரில் இல்லை. துறை அளந்தது. செய்தி என் வீட்டிலிருந்து கிளம்பியதாகக் கணக்கு வந்தது. நான் எவ்வளவு மறுத்தும் நஸ்ரின் கேட்கவில்லை. "கணக்கு பொய் சொல்லாது சார்," என்று பெருங்கழியின் முதல்வாயாக என் பெயரை எழுதிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வாரம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆறரை மணிக்கு ஒருவர், சில நாள் இருவர். சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுவார்கள். நான் முதல்வாய் என்பது எப்படியோ கசிந்துவிட்டது, மனுக் கொடுக்க வருகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நோட்டுப் போட்டு எழுதினேன். எனக்குக் கேட்கத் தெரியும், பதில் பேசத்தான் தெரியாது. அவர்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் சாக்கடைகள் எல்லாம் தீர்ந்துபோயின. ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

போன வியாழக்கிழமை உப்பள மேஸ்திரியின் மனைவி உட்கார்ந்து தன் ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆயிஷா வந்து நின்றாள்.

"ஏ, நீ எங்க வந்த? வியாழன் எங்க தெரு முறையில்லா?" என்றாள் மேஸ்திரி மனைவி.

"வெள்ளிதானே உங்களுக்கு? அமலு அப்படித்தானே..." என்று தொடங்கிய ஆயிஷா நிறுத்திக்கொண்டாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டில் தேதியைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். அமலு ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் சொல்கிறவள். முதலாவது, நான் கவர்மெண்டு ஆள். இரண்டாவது என்ன சொல்லியிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தனியாக இருக்கக் கூடாதென்று தெருவுக்கு ஒரு கிழமை பிரித்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தால் அவர்கள் கூச்சப்பட்டு வராமல் போய்விடுவார்கள்.

"மழைக்காலத்துல கிழமையே தெரிய மாட்டேங்குது," என்றேன். இருவர் முகமும் தெளிந்தது. ஆயிஷாவும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

மேஸ்திரி மனைவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விடியக்காலையில் ஆடு குட்டி போட்டதாம், இரண்டு குட்டி, இரண்டாவது குட்டி கால் முன்னால் வந்ததாம். அரசாங்கத்துக்கு எழுதியனுப்ப அதில் ஒன்றும் இல்லை. நான் நோட்டை மூடி வைத்தேன்.

"குட்டி ரெண்டும் என்ன நிறம்?" என்று கேட்டேன்.